விலை இருக்கைக்கு மட்டுமே

சென்ற கோடை விடுமுறையில், சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில், பிள்ளை பெற்றிருக்கும் மகளைப் பார்க்க டில்லிக்குப் புறப்பட்ட ஓர் அம்மையார் கவுண்ட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தம் பெட்டியைத் திறந்து, இட்லி மிளகாய்ப் பொடியையும் முறுக்கு டின்னையும் துணியில் சுற்றிய பிரசவ லேகியத்தையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எதை விட்டுச் செல்வது என்று தீர்மானிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். பெட்டி 22 கிலோ இருந்தது. அவருடைய டிக்கெட்டுக்கு உரியது 15 கிலோ. மிச்சம் 7 கிலோவுக்கு அங்கே கேட்ட கட்டணம் அவர் கையிலிருந்த பணத்துக்கு மேற்பட்டது. “மாப்பிள்ளைதான் டிக்கெட் போட்டார், இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கவுண்ட்டரில் நின்ற பெண் மரியாதையாகவே பேசினாள். விதியை மீற அவளுக்கு அதிகாரம் இல்லை. மருமகன் பதிவு செய்தபோதே கூடுதல் எடைக்கும் பணம் கட்டியிருந்தால் செலவு கணிசமாகக் குறைந்திருக்கும் என்பதுதான் என் மனத்தை உறுத்தியது.

குறைந்த கட்டண விமானத்தில் நாம் விலைக்கு வாங்குவது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஓர் இருக்கை, அவ்வளவே. சாப்பாடு, ஜன்னலோர இடம், கூடுதல் லக்கேஜ் ஆகியவை யாவும் தனித்தனி விலைக்கு உரியவை. பழைய விமான நிறுவனங்கள் இவற்றையெல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கி, வேண்டியவரிடமும் வேண்டாதவரிடமும் ஒருசேர வசூலித்தன. கைப்பையோடு போகும் இளைஞன் மற்றவர்களின் பெட்டிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற நியாயத்தின் மேல்தான் இந்தப் புதிய முறை நிற்கிறது. அது நேர்மையான நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

குறைந்த கட்டண விமானச் சேவைக்கு வழிகாட்டியது 1971-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம். பண நெருக்கடியில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, அட்டவணையைக் குறைக்காமல் மூன்றைக் கொண்டே சமாளிப்பதற்காக, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் மீண்டும் கிளப்பும் வித்தையை அது கற்றது. விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்ற பாடத்தை உலகம் அதனிடமிருந்து படித்தது. நம் நாட்டில் 2003-ல் பெங்களூரிலிருந்து கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்குக்கூட விற்று, ரயிலைத் தவிர வேறறியாத குடும்பங்களை விமானத்தில் ஏற்றியது. அந்த நிறுவனம் நிலைக்கவில்லை. ஆனால் அது காட்டிய வழியில் 2005-ல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006-ல் இண்டிகோவும் வந்தன.

ஒரே வகை விமானங்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டால் விமானிகளின் பயிற்சியும் உதிரிப் பாகங்களும் சிக்கனமாகும். உயர் வகுப்பை நீக்கிவிட்டால் ஏர்பஸ் ஏ320 ஒன்றில் 180 பேர் அமரலாம். அரைமணிக்குள் திரும்பக் கிளம்பினால் அதே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு ஊர்களைத் தொட்டுவிடும். குறைந்த கட்டணத்தின் ரகசியம் இதுவே. ஆயினும், காலையில் ஏதோ ஓர் ஊரில் பனிமூட்டத்தால் ஏற்பட்ட முக்கால்மணித் தாமதம் அடுத்தடுத்த ஊர்களுக்குத் தொற்றிப் பரவி, இரவு அந்த விமானத்துக்காக மதுரையில் காத்திருப்பவரின் தலையில் இரண்டு மணியாக விடிவதற்குக் காரணமும் அதுவே. ஆகையால் முகூர்த்தத்துக்கோ, நேர்முகத் தேர்வுக்கோ போகிறவர்கள் நாளின் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதே உசிதம்.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பவர், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அப்படிப் பயணம் செய்வோர் இடையில் தாராளமாக அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சௌகரியங்களைக் குறைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பிரயாணியின் சட்டபூர்வமான உரிமைகளைக் குறைக்க உரிமை இல்லை. கட்டணம் மலிவு என்பதனாலேயே தமக்குக் கேட்க வாயில்லை என்று நம்மவர்கள் பலர் எண்ணிவிடுவது எனக்குப் பெரிய வேதனை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் மலிவு விமானத்துக்கும் மற்றதற்கும் வேற்றுமை பாராட்டவில்லை. இரண்டரை மணிக்கு உட்பட்ட பயணம் 2 மணியோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்துக்கு வந்து காத்திருக்கும் பிரயாணிக்கு உணவும் சிற்றுண்டியும் இலவசமாக அளிக்க வேண்டும். டில்லி போன்ற நீண்ட பயணத்துக்கு அந்த வரம்பு 3 மணி. முன்கூட்டி முறைப்படி அறிவிக்காமல் விமானத்தை ரத்து செய்து, பிரயாணி ஏற்கும் மாற்று விமானமும் தராவிட்டால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு, பயண நேரத்துக்கு ஏற்ப 5,000 முதல் 10,000 ரூபாய் வரையிலோ, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையோ, இவற்றுள் எது குறைவோ அதை நஷ்டஈடாகத் தர வேண்டும். அதிகப்படியாக டிக்கெட் விற்றுவிட்டு, உரிய நேரத்தில் வந்தவரை ஏற்ற மறுத்து, ஒரு மணிக்குள் கிளம்பும் மாற்று விமானமும் தராவிட்டால், நஷ்டஈடு சூழ்நிலைக்கு ஏற்ப 20,000 ரூபாய் வரை போகலாம். புயல், கலவரம் போன்று நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது.

அநேகர் அறியாத ஒன்றும் உண்டு. பணம் திரும்பாது என்று சொல்லி விற்கும் சலுகை டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயணத்துக்கே போகாமல் விட்டாலும், அதில் அடங்கிய அரசாங்க வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டியவை. மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் இந்தப் பகுதியே பெரும்பகுதியாக இருப்பதும் உண்டு. கேட்டால்தான் வரும் என்ற நிலை இருந்தால், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்த உரிமைகளுள் ஒன்று ஒரு சிறு விஷயத்தால் கைநழுவிப் போகக்கூடும். பதிவின்போது தொடர்பு கொள்ளப் போதிய விவரம் தராதவருக்கு ரத்துக்கான நஷ்டஈடு கிடையாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஏஜெண்டோ, உறவினரோ டிக்கெட் எடுக்கும்போது பெரும்பாலும் தம் கைப்பேசி எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். விமானம் ரத்தான செய்தி அவர்களுக்குப் போகிறது, பிரயாணியோ விடியற்காலையில் விமான நிலையத்து வாசலில் வந்து நிற்கிறார். அந்த அம்மையாரைப் போல் பிறர் எடுத்துத் தரும் டிக்கெட்டில் பயணம் செய்யும் பெரியவர்கள் நம் வீடுகளில் ஏராளம். அவர்களுக்காகப் பதிவு செய்யும் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும், அவர்களுடைய சொந்த எண்ணைக் கொடுத்து, எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதையும் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.