சான்றிதழ் இருந்தது, கை மறந்திருந்தது

உயிர்காப்புப் பயிற்சித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினேன். பயிற்றுவிப்பாளர் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. ஈராண்டுகளுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாழ்த்துகள் குவிந்தன.

ஒன்பது மாதங்கள் கழித்து, தாதிமைத் துறை மாணவியாக ஒரு மருத்துவமனை வார்டில் பணிப்பயிற்சியில் இருந்தேன். காலையில் என்னிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சிரித்துப் பேசிய முதியவர், பிற்பகலில் கூப்பிட்டும் தட்டியும் அசையவில்லை. ஆனால், இடையிடையே வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். 'மூச்சு விடுகிறாரே' என்று நினைத்துத் தயங்கி நின்றேன்.

அருகில் வந்த மூத்த தாதி தயங்கவில்லை. கழுத்தில் நாடி பார்த்தார், அவசர மணியை அழுத்தினார், கட்டிலைத் தாழ்த்தி மார்பை அழுத்தத் தொடங்கினார்.

நான் பார்த்தது மூச்சே அல்ல. இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் தொடரக்கூடிய திணறல் அது. இதைத் தேர்வில் சரியாக எழுதியவள்தான் நான்.

பலர் மாரடைப்பையும் இதயம் நின்றுபோவதையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். மாரடைப்பில் இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் சுயநினைவோடு வலியைச் சொல்வார். இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு இரத்தமே போகாது. சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அதுவரை இதயத்தின் வேலையை நம் கைகள்தாம் செய்ய வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ வேண்டும். களைத்த கையின் அழுத்தம் குறைவது களைத்தவருக்கே தெரியாது. அதனால் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள்.

என் முறை வந்தது. "இன்னும் ஆழமாக" என்று குழுத் தலைவர் மூன்று முறை சொன்னார். கைக்கடியில் விலா எலும்பு முறிவதை உணர்ந்ததும் என்னை அறியாமலேயே அழுத்தத்தைக் குறைத்திருந்தேன்.

மின்னதிர்ச்சி கொடுத்த பிறகு நாடி திரும்பியது. முதியவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றார்கள். இரண்டு நாள் கழித்து அங்கேயே அவர் காலமானார்.

என்னால்தானா என்று அந்த மூத்த தாதியிடம் கேட்டேன். "இல்லம்மா, அவரோட இதயம் ஏற்கெனவே ரொம்ப பலவீனமா இருந்துச்சு. மருத்துவமனைக்குள்ளயே நடந்தாலும் பாதிப் பேருக்கு மேல வீடு திரும்புறதில்ல," என்றார். சற்று நேரம் கழித்து, "சான்றிதழ் ரெண்டு வருஷம் தாங்கும். கை அவ்வளவு நாள் தாங்காது. அப்பப்ப செஞ்சு பாக்கணும்," என்றும் சொன்னார்.

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே திறன் மங்கத் தொடங்கிவிடுகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெறுவது உகந்ததல்ல என்று அமெரிக்க இதயச் சங்கம் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியில் குறிப்பிட்டது. அங்குள்ள பல மருத்துவமனைகளில் தாதியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலைக்கு நடுவே, சில நிமிடங்கள் பயிற்சி செய்கிறார்கள். அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் பொம்மையே அளந்து திரையில் காட்டிவிடுகிறது.

அந்தப் பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. மார்பை அழுத்தும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1960ல் வெளியிட்டனர். அதே ஆண்டில், நார்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் தயாரித்துவந்த ஆஸ்மண்ட் லார்டல், பயிற்சிக்கான 'ஆன்' பொம்மையை அறிமுகப்படுத்தினார். இன்றுவரை எண்ணற்றோர் அதில்தான் கற்கிறார்கள். நானும் அப்படிக் கற்றவள்தான். ஆனால் நான் பழகிய பொம்மை திணறி மூச்சிழுக்கவில்லை. அதன் விலா எலும்பு முறியவில்லை. திரைக்கு அப்பால் அதன் மகள் அழவில்லை.

நம் தாதியருக்குத் திறமையில்லை என்று நான் சொல்லவில்லை. அன்று அந்த வார்டில் ஒவ்வொருவரும் தம் வேலையை அறிந்திருந்தார்கள். ஆனால், அடிக்கடி அவசரநிலையைச் சந்திக்கும் பிரிவுகளில் கை தானாகவே பழகிவிடும். எப்போதாவது சந்திக்கும் வார்டுகளில் பயிற்சி மட்டுமே துணை. அது ஈராண்டுக்கு ஒருமுறை என்றால், இடையில் வரும் நோயாளியின் கதி என்ன?

இப்போது நானும் மூன்று தோழிகளும் மாதம் ஒருமுறை பயிற்சிக்கூடத்தில் பத்து நிமிடம் செலவிடுகிறோம். ஒருத்தி அழுத்துவாள், ஒருத்தி நேரம் பார்ப்பாள், ஒருத்தி வேண்டுமென்றே குறுக்கே பேசிக் குழப்புவாள். முதல் மாதம் எங்கள் நால்வரின் அழுத்தமும் போதவில்லை. நால்வரிடமும் சான்றிதழ் இருந்தது.

பள்ளியிலோ தேசிய சேவையிலோ சமூக மன்றத்திலோ நீங்களும் இதைக் கற்றிருக்கலாம். உங்கள் கைகள் கடைசியாக அதைச் செய்து பார்த்தது எப்போது?