பிள்ளைக்குக் கண் தெரிகிறதா?

ஆசிரியர் பலகையில் 38 என்று எழுதுகிறார். பிள்ளை நோட்டில் 33 என்று எழுதுகிறான். கணக்குத் தப்பாகிறது. ‘மக்கு’ என்று பெயர் வாங்குகிறான். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. பலகைதான் தெரியவில்லை.

இதை அவன் வீட்டில் ஏன் சொல்லவில்லை? எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறான். ஆகவே, பிள்ளை வாய் திறந்து சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆந்திர அரசு 2019 அக்டோபர் 10 அன்று ‘கண்டி வெலுகு’ திட்டத்தைத் தொடங்கியது. கண்ணின் ஒளி என்று பொருள். முதலில் பள்ளிப் பிள்ளைகளைத்தான் சோதித்தார்கள். கண்ணாடியும் இலவசம். நல்ல வேலைதான். ஆனால் ஒரு முறை பார்த்தால் போதுமா? பிள்ளை வளரும்போது கண் உருண்டையும் வளர்கிறது. அது அளவுக்கு மேல் நீண்டால் தூரப் பொருள் மங்கும். இதுதான் கிட்டப்பார்வை. முதல் வகுப்பில் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் தெரியாமல் போகலாம். வருடம் ஒரு முறை சோதிப்பது நல்லது.

இன்னொரு குறை ‘சோம்பல் கண்’. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பும். மற்றக் கண் பார்க்கவே பழகாது. பிள்ளை ஓடும், ஆடும். யாருக்கும் சந்தேகம் வராது. ஏழு எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுப்பார்கள். நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடி, சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். வயது ஏறினால் பலன் குறையும். அதனால் பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒரு முறை காட்டிவிட வேண்டும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அதுவும் சோம்பல் கண்ணில் கொண்டுபோய் விடலாம். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

“பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் யார் கட்டிக்கொள்வார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடி இல்லாமல் அவள் படிப்பை விட்டால் அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவார்கள்? கண்ணாடி போட்டால் பார்வை கெடும் என்பதும் தவறு.

குடுபல்லிக்காரர்கள் வெகு தூரம் போக வேண்டாம். அடுத்துள்ள குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இருபது அடி தூரத்தில் அட்டை வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்பார்கள். சொட்டு மருந்தும் விடுவார்கள். அதன் பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். பயப்பட வேண்டாம். அன்றைக்கு மட்டும் வீட்டுப்பாடம் எழுதச் சொல்லாதீர்கள்.