நேரொளியும் வானத் தெளிவும்

பாலைவனம் என்றதுமே குறைவற்ற வெயில் நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் வெயில் மிகுந்த இடங்கள் அனைத்தும் சூரியனின் நேரொளியை ஒரே அளவில் பெறுவதில்லை. இவ்வேறுபாட்டை உணராதபோது பெருந்திட்டங்களின் கணக்கும் பிழைத்துவிடும்.

வளிமண்டலத்தின் உச்சியை அடையும் சூரியக் கதிரின் ஆற்றல் சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். அதில் ஒரு பகுதியைக் காற்றும் நீராவியும் தூசியும் உறிஞ்சுகின்றன; மற்றொரு பகுதி சிதறி வானமெங்கும் பரவுகிறது. எஞ்சி, சூரிய வட்டத்திலிருந்து நேரே வந்து சேர்வதே நேர்க்கதிர்வீச்சு. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் குறுகிய குழாய்க் கருவியால் இதனை அளக்கின்றனர்.

இந்த அளவு ஏன் முக்கியமாகிறது? பரவளைய எரிக்கும் ஆடிகளைப் பற்றி இப்னு அல்-ஹைதம் தனி நூலே இயற்றினார். அத்தகைய ஆடி தன் அச்சுக்கு இணையாக வரும் கதிர்களை மட்டுமே குவிக்கும். சிதறிய ஒளி அதற்குப் பயன்படாது. இன்றைய பரவளையத் தொட்டி மின்நிலையங்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

மூன்று நிலையங்களை ஒப்பிடுவோம். மொராக்கோவின் வர்சாசாத்தில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 'நூர்' நிலையத்தில் ஆண்டு நேரொளி சதுர மீட்டருக்குச் சுமார் 2,600 யூனிட். ஸ்பெயினின் கிரனாடா அருகே 2008-இல் அமைந்த 'அந்தசோல்' நிலையத்தில் சுமார் 2,100. அபூதாபியில் 2013-இல் திறக்கப்பட்ட 'ஷம்ஸ்' நிலையத்திலோ சுமார் 1,900 மட்டுமே. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது அபூதாபிதான். எனினும் அதுவே கடைசியில் நிற்கிறது.

காரணம் காற்றில் இருக்கிறது. முன்னிரண்டும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளவை. அவற்றுக்கு மேலுள்ள காற்று மெலிந்தது, உலர்ந்தது. அபூதாபியின் வானிலோ வளைகுடாவின் ஈரமும் பாலைத் தூசியும் கலந்து நிற்கின்றன. தூசியின் ஒளித்தடிமன் 0.1 எனில், தலைக்கு மேல் நிற்கும் சூரியனின் நேரொளியில் தூசியைக் கடந்து வருவது 90 விழுக்காடு, 0.4 எனில் 67 விழுக்காடே. சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கும்போது கதிர் இருமடங்கு காற்றைக் கடக்கிறது. அப்போது அந்த 67, 45 ஆகக் குறைகிறது. ஷம்ஸ் நிலையத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் ஆடிகள் தேவைப்பட்டது இதனால்தான். 2019-இல் அபூதாபி அமைத்த 1,177 மெகாவாட் நிலையம், சிதறிய ஒளியையும் ஏற்கும் சூரியத் தகடுகளால் ஆனது. தகடுகளின் விலை வீழ்ச்சியோடு இவ்வியல்பும் அதற்குத் துணை நின்றது.

சிதறிய ஒளி வீணானது என்று கருதிவிடலாகாது. ஃபஜ்ரு வேளையை நமக்கு அறிவிப்பது அதுவே. அந்தலூஸின் இப்னு முஆத் அல்-ஜய்யானி பதினோராம் நூற்றாண்டில் அந்தி ஒளியைக் கொண்டே வளிமண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். அவருடைய ஜயான் நகரம், இன்றைய அந்தசோலின் ஆடிகள் நிற்கும் இடத்துக்கு வெகு தொலைவில் இல்லை. சூரியனை அறிய விழைபவர் இடையிலுள்ள காற்றையும் அறிந்தாக வேண்டும் என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார். நாமும் அதனை மறவாதிருத்தல் நலம்.