கழிவு நீரும் மீன்களின் ஹார்மோன்களும்

1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும், மீன்களின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை இன மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். மீன் பண்ணைகளிற் பணியாற்றுவோர் இம்முறையை நன்கறிவர். மிகச் சிறிதளவு ஹார்மோன் ஒரு மீனின் இனப்பெருக்கத்தைத் தூண்ட வல்லதாயின், வேண்டாத இடத்தில், வேண்டாத காலத்தில், வெளியிலிருந்து வந்து சேரும் ஹார்மோன் என்ன செய்யும் என்பது ஹூக்ளிக் கழிமுகம் போன்ற நீர்நிலைகளைப் பற்றி இன்று கேட்கவேண்டிய கேள்வியாகும்.

இயற்கையில் இக்காரியம் படிப்படியாக நிகழ்கிறது. பருவம் வந்ததும் மூளை பிட்யூட்டரியை ஏவுகிறது. அது சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பையிலிருந்து எஸ்ட்ரோஜென் என்னும் பெண்மை ஹார்மோன் இரத்தத்திற் கலக்கிறது. அதன் கட்டளைப்படி கல்லீரல் வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தயாரிக்க, அப்புரதம் முட்டையின் மஞ்சட்கருவாகிறது. ஆண் மீனின் கல்லீரலுக்கும் இதைத் தயாரிக்கும் திறன் உண்டு. ஏவும் ஹார்மோன் போதிய அளவில் இல்லாமையால் அது வாளாவிருக்கிறது.

சாக்கடை நீரில் அந்த ஏவலாள் வந்துவிடுகிறான். மனிதர் உடலிலிருந்து கழியும் எஸ்ட்ரோஜெனும், கருத்தடை மாத்திரைகளிலுள்ள எதினைல் எஸ்ட்ரடையாலும், சிலவகைச் சலவைப் பொருள்கள் சிதைந்து உண்டாகும் நோனைல் பீனாலும் மீனின் உடலில் பெண்மை ஹார்மோனைப் போலவே வேலை செய்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்களின் வெளிநீரில் கூண்டுகளில் விடப்பட்ட டிரௌட் மீன்களின் இரத்தத்தில் மஞ்சட்கருப் புரதம் மிகுதியாகக் காணப்பட்டதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1994-இல் வெளியிட்டனர்.

கனடாவில் நிகழ்ந்த சோதனை இன்னும் தெளிவானது. 2001 முதல் 2003 வரை ஒரு சிற்றேரியில் எதினைல் எஸ்ட்ரடையால் வேண்டுமென்றே கலக்கப்பட்டது. அளவு லிட்டருக்குச் சுமார் 5 முதல் 6 நானோகிராம். அதாவது 20 கோடி லிட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆயினும் அவ்வேரியின் சிறு மீனினம் ஒன்று சில ஆண்டுகளில் அநேகமாக அற்றுப்போயிற்று. கலப்பது நின்ற பின்னர் அவ்வினம் மறுபடியும் பெருகியது ஆறுதலான செய்தி.

கொல்கத்தாவின் அமைப்பு விசேஷமானது. நகரின் நிலம் ஹூக்ளிக் கரையிலிருந்து கிழக்கே சரிந்துள்ளமையால், கழிவு நீரின் பெரும்பகுதி ஆற்றிற்குச் செல்லாமல் கிழக்குச் சதுப்பு நிலங்களை நோக்கிப் பாய்கிறது. 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த 12,500 ஹெக்டேர் பரப்பில், பேரி எனப்படும் ஆழமற்ற மீன் குளங்களில் வெயிலும் பாசியும் பாக்டீரியாக்களும் கழிவைச் சிதைக்கின்றன. இயற்கை எஸ்ட்ரோஜென்கள் இவ்வாறு எளிதிற் சிதையும்; மாத்திரையிலுள்ள செயற்கைப் பொருளோ நெடுநாள் தங்கும். எஞ்சிய நீர் குல்டி ஆற்றின் வழியே சுந்தரவனத்தை நோக்கிச் செல்கிறது. இக்குளங்களைத் தூர்த்து வீடு கட்டுவோர், செலவில்லாத ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையே இடிக்கின்றனர் எனலாம். ஹூக்ளியின் இரு கரைகளிலுமுள்ள ஏனைய நகரங்கள் பலவற்றின் வடிகால்களுக்கு இத்தகைய இடைத்தங்கல் இல்லை.

மழைக்காலத்தில் கடலிலிருந்து இவ்வாற்றில் ஏறி வரும் உல்லம், வங்காளிகளின் இலிஷ், பண்ணைக் குஞ்சுகளை நம்பாமல் பெரும்பாலும் தானே முட்டையிட்டுப் பெருகவேண்டிய மீனாகும். 1975-இல் பராக்கா அணை திறக்கப்பட்ட பின் அதன் வழி ஏற்கெனவே குறுகிவிட்டது. அதன் குறைவு முழுவதையும் ஹார்மோன் மாசின் தலையிற் கட்டுவது நியாயமன்று. கண்ணி சிறிதான வலைக்கும் அணைக்கும் அதிற் பங்குண்டு. எனினும் எஞ்சிய மீன் முட்டையிடும் வலிமையுடன் இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம்.

அதற்குக் களப் பணியாளர் செத்த மீனைத் தேடிப் பயனில்லை. முட்டையிடும் பருவத்தில் சந்தைக்கு வரும் மீன்களை அறுத்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை எனக் குறித்தல் வேண்டும். சினைப்பையையும் விந்துப்பையையும் நிறுத்து, மீனின் எடையில் அவை நூற்றுக்கு எவ்வளவு எனக் கணக்கிடலாம். பள்ளித் தராசே இதற்குப் பெரும்பாலும் போதுமாகையால் ஆசிரியர்களும் மாணவரைக் கொண்டு செய்விக்கலாம். விந்துப்பையினுள் முட்டை அணுக்கள் உளவா என்பதற்கு மட்டும் ஆய்வகத்தின் நுண்ணோக்கி தேவை. மாதிரியைப் பார்மலினில் இட்டு, பிடித்த இடமும் தேதியும் எழுதி அனுப்பவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வங்காளத்தில் பேட்கி எனப்படும் கொடுவா பொதுவாக முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப்பின் பெண்ணாக மாறுவது அதன் இயல்பு. இரண்டும் கலந்த உறுப்பு கொடுவாவிற் கண்டால் அது மாசின் அடையாளம் ஆகாது. ஆணும் பெண்ணும் வாழ்நாள் முழுவதும் வேறாகவே இருக்கும் மடவையே இச்சோதனைக்கு ஏற்றது.