உள்கதிர்க் கருவி ஏன் உடலுக்குப் பொருந்த வேண்டும்?

சித்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டார் பேச்சில் முதலில் வருவது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைதான். பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அலிபிரி அருகே திருமலை தேவஸ்தானத்து நிலத்தில் டாடா அறக்கட்டளை கட்டிய புற்றுநோய் மருத்துவமனையும் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. நோய் சற்று முற்றிய நிலையில் இருந்தால், எங்கே போனாலும் சிகிச்சையின் போக்கு ஏறத்தாழ ஒன்றுதான். வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம் வெளியிலிருந்து ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து ஏற்றுவார்கள். அதன்பின் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வராமலே நின்றுவிடும் பெண்கள் உண்டு. ஐந்து வாரத்தில் ரத்தப்போக்கு நின்றிருக்கும், நாற்றம் போயிருக்கும். ‘சரியாகிவிட்டதே, இனி எதற்கு?’ என்று தோன்றும். அந்த இடத்தில் கருவி வைப்பார்கள் என்றதும் கூச்சமும் பயமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கட்டியை வேரோடு அழிக்கும் அளவுக்கான கதிரை வெளியிலிருந்து கொடுத்தால் மூத்திரப்பையும் மலக்குடலும் தாங்காது. மீதி அளவைக் கட்டிக்கு நெருக்கத்திலேயே போய்த்தான் கொடுக்க வேண்டும். இதற்கு மாற்று இல்லை என்றே சொல்லலாம்.

செய்முறை இதுதான். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுக் கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயும், கர்ப்பப்பை வாயை ஒட்டி இரண்டு குமிழோ ஒரு வளையமோ வைப்பார்கள். மூத்திரப்பையும் மலக்குடலும் தள்ளி நிற்கும்படி நடுவில் துணி அடைப்பார்கள். ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டபின், கம்பி நுனியிலுள்ள சில மில்லிமீட்டர் நீள இரிடியம்-192 துணுக்கு இயந்திரத்திலிருந்து குழாய்க்குள் போய், குறித்த இடங்களில் குறித்த நொடிகள் நின்று திரும்பிவிடும். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள்தான். இது மூன்று நான்கு முறை நடக்கும். உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கருவியின் வடிவம் ஏன் அவ்வளவு முக்கியம்? துணுக்கிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கும் கதிர், இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ கால் பங்காகிவிடும். குடலைக் காப்பது இந்தச் சரிவுதான். கருவிக்கும் சதைக்கும் நடுவே காற்று இடைவெளி விழுந்தால், அதே சரிவு கட்டிக்குப் போக வேண்டிய கதிரையும் குறைத்துவிடும். அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்கு உண்டு.

கடையில் வரும் கருவிகள் சில அளவுகளில்தான் கிடைக்கும். பெரும்பாலான பெண்களுக்கு அவை போதும். கர்ப்பப்பையை எடுத்தபின் வைக்கும் உருளைகளும் அப்படியே, பொதுவாக இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் குறுக்களவில் வரும். பெண்ணுறுப்பின் வழி சுருங்கியிருந்தாலோ, அறுவைக்குப்பின் கோணலாகியிருந்தாலோ, கட்டி ஒரு பக்கச் சுவரில் மட்டும் இறங்கியிருந்தாலோ இவை உட்காராது.

அப்போதுதான் ஆளுக்கென்றே கருவி செய்கிறார்கள். பாரிஸ் அருகே வில்ஜுய்ஃபில் உள்ள குஸ்தாவ் ரூஸி நிலையத்தில் பல பத்தாண்டுகளாக இது வழக்கம். பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் அதே ஆல்ஜினேட் பசையை உள்ளே செலுத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். வெளியே எடுத்த அச்சில் கட்டி இருக்கும் மேடுபள்ளம்கூடப் பதிந்திருக்கும். அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு, வார்ப்பின்மேல் மெல்லிய அக்ரிலிக் அச்சுக்கூடு. அச்சில் கட்டி தெரிந்த இடத்தை ஒட்டியே துணுக்கு ஓடும் குழாய்களைப் பதிப்பார்கள். எந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்த இடத்தில் பலன் தருவது கைவேலைதான் என்பது என் எண்ணம்.

இப்போது ஸ்கேன் படத்தை வைத்தே முப்பரிமாண அச்சில் கருவி செய்கிறார்கள். உடலுக்கு ஒவ்வாத பிளாஸ்டிக் கூடாது. கிருமிநீக்கத்தில் வடிவம் மாறக் கூடாது. உள்ளே குழாய் ஓடும் பாதை சரிதானா என்று முதலில் சோதித்தாக வேண்டும். கட்டி இடுப்புச் சுவர்வரை பரவியிருந்தால் கூடு போதாது, ஊசிகளைக் கட்டிக்குள்ளேயே செருகித்தான் கதிர் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை தொடங்கப் போகிறது என்றால், முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்: உள்கதிர் இங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? சாதாரணக் கருவி பொருந்தாவிட்டால் என்ன செய்வீர்கள்? முதல் கரண்டிலிருந்து கடைசி உள்கதிர்வரை எட்டு வாரத்துக்குள் முடியுமா? தாமதமானால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். ஆந்திர அரசின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், வேலூருக்குப் போகும் முன் அது அங்கே செல்லுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.