மூணு கால் முயல் தெரியும்... அதிபரைத் துரத்திய முயல் தெரியுமா? - அமெரிக்கத் தலைவர்களின் வேட்டை சொதப்பல்கள்!

தூண்டிலில் இருந்து தப்பிய மீன், ஒவ்வொரு முறை கதை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும். குறி தவறிய பறவைக்கும் அப்படித்தான். காற்று, வெயில், பக்கத்தில் நின்றவரின் தும்மல் என எதன் மீதாவது பழி விழும். சாதாரண ஆட்கள் சொதப்பினால், நாலு நண்பர்களின் சிரிப்போடு முடிந்துவிடும். நாட்டை ஆள்பவர் சொதப்பினால்? அமெரிக்காவில் அப்படி மாட்டிய மூன்று பேரின் கதை இது. ஒருவருக்குப் பெருமை, ஒருவருக்குக் கேலி, ஒருவருக்குத் தீராத தலைவலி!

கட்டிப்போட்ட கரடி!

1902 நவம்பர். வேட்டைப் பிரியரான அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மிஸிஸிப்பி காட்டுக்குக் கரடி வேட்டைக்குப் போனார். பத்திரிகைகள் ஆவலோடு காத்திருந்தன. அதிபரின் துப்பாக்கி முன்னால் ஒரு கரடிகூட வந்து நிற்கவில்லை.

வழிகாட்டியாக வந்தவர் ஹோல்ட் கோலியர். அடிமையாகப் பிறந்து, அந்த வட்டாரத்திலேயே பேர்போன கரடி வேட்டைக்காரராக உயர்ந்த கறுப்பினத்தவர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை மடக்கின. அந்த நேரம் பார்த்து அதிபர் சாப்பிடப் போயிருந்தார்!

அதிபர் சுட வேண்டிய கரடி, கோலியர் சுடக் கூடாது. கரடிக்கு அது தெரியுமா? நாயைக் கடித்துக் குதறியது. வேறு வழியில்லாமல் துப்பாக்கிக் கட்டையால் அதன் தலையில் ஒரு போடு போட்ட கோலியர், கயிற்றைப் போட்டு மரத்தில் கட்டிவிட்டார்.

ஓடிவந்த ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வீரமல்ல என்று மறுத்துவிட்டார். படுகாயத்தோடு துடித்த அந்தக் கரடியின் வேதனையைத் தீர்க்க, கத்தியால் அதன் கதையை முடிக்கச் சொன்னார். ஆனால், ஊருக்குத் தெரிந்தது முதல் பாதிதான். கிளிஃபோர்ட் பெர்ரிமேன் வரைந்த கார்ட்டூனில், அதிபர் சுட மறுக்கும் காட்சி 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க் கடை நடத்திய மோரிஸ் - ரோஸ் மிக்டம் தம்பதி ஒரு பொம்மைக் கரடியைச் செய்து, அதிபரின் செல்லப் பெயரான 'டெடி'யைச் சூட்டினார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் டெடி பேர் பிறந்த கதை இதுதான்!

நீந்தி வந்த முயல்!

1979 ஏப்ரல் 20. சொந்த ஊரான ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸில், ஒரு குளத்தில் சிறிய படகில் தனியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தார் அதிபர் ஜிம்மி கார்ட்டர். தண்ணீரில் ஏதோ ஒன்று அவரை நோக்கி வேகமாக நீந்தி வந்தது. பார்த்தால், முயல்! துடுப்பால் தண்ணீரை வாரியடித்து அதைத் திசைதிருப்பினார்.

வெள்ளை மாளிகைக்குத் திரும்பிச் சொன்னால், உதவியாளர்களே நம்பவில்லை. 'முயலாவது, நீந்துவதாவது!' என்ற சந்தேகம். கார்ட்டர் விடவில்லை. கரையில் இருந்து எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். படத்தில் முயல் இருந்தது! அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் ஒருவகை முயல்கள் உண்மையிலேயே நன்றாக நீந்தும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆகஸ்ட்டில், பத்திரிகைச் செயலாளர் ஜோடி பவல் ஒரு நிருபரோடு தேநீர் குடிக்கும்போது இதைத் தமாஷாகச் சொல்லிவைத்தார். அடுத்து, 'வாஷிங்டன் போஸ்ட்' முதல் பக்கத்தில் அதிபரை முயல் தாக்கியதாகத் தலைப்பு. 'ஜாஸ்' சுறா பட போஸ்டரைக் கிண்டலடித்து முயல் கார்ட்டூன். விலைவாசியும் பெட்ரோல் தட்டுப்பாடும் வாட்டிய நேரம் அது. 'முயலையே சமாளிக்க முடியாதவரா?' என்று கேலி பறந்தது. புகைப்படத்தை வெளியிட வெள்ளை மாளிகை மறுத்தது, கேலியை இன்னும் வளர்த்தது. 1980 தேர்தலில் கார்ட்டர் தோற்றதற்குக் காரணம் முயல் அல்ல. ஈரான் பிணைக்கைதிகள் விவகாரமும் பொருளாதாரமும்தான். ஆனாலும், அந்தப் படம் வெளியே வந்தது அடுத்த அதிபர் ரீகன் காலத்தில்தான்!

காடைக்கு வைத்த குறி!

மூன்றாவது கதையில் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. 2006 பிப்ரவரி 11. டெக்சாஸ் பண்ணை ஒன்றில் காடை வேட்டையில் இருந்தார் துணை அதிபர் டிக் செனி. பறந்த காடையை நோக்கித் திரும்பிச் சுட்டார். விழுந்த பறவையைத் தேடிப் போய்விட்டு வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன் அந்தத் திசையில் நின்றிருந்தார். முகம், கழுத்து, மார்பு என ஈய ரவைகள் பாய்ந்தன.

செய்தி வெளியே வந்தது மறுநாள்தான். அதையும் அரசு சொல்லவில்லை. பண்ணைக்காரர்கள் உள்ளூர் நாளிதழுக்குச் சொன்னார்கள். இதற்கிடையே காடை வேட்டைக்குத் தேவையான 7 டாலர் ஸ்டாம்ப் செனியிடம் இல்லை என்பதும் தெரியவந்தது. டி.வி. காமெடியன்கள் விடுவார்களா? ஆனால் சில நாள்களில், இதயத்தருகே தங்கிய ரவையால் விட்டிங்டனுக்கு லேசான மாரடைப்பு வந்தது. காமெடி அடங்கியது. சுட்டது தான்தான் என்று செனி டி.வி-யில் வாய்திறக்க நான்கு நாள்கள் ஆயின.

மருத்துவமனையில் இருந்து வெளியே வந்த விட்டிங்டன், முகத்தில் காயத்தோடு நிருபர்கள் முன் நின்றார். செனி குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடங்களுக்காக வருத்தம் தெரிவித்தார். ஆம், வருத்தம் தெரிவித்தது குண்டடி பட்டவர்!

வேட்டையில் குறி தவறுவது யாருக்கும் நடக்கும். மீன் தப்பினால் ஒரு சாண் கூட்டிச் சொல்லலாம், முயல் துரத்தினால் சேர்ந்து சிரிக்கலாம். மனிதருக்குக் காயம்பட்டால் மட்டும், நடந்ததை அப்படியே, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்!