புல்வெட்டி எஞ்சின் ஏன் இறுகியது? பிஸ்டனே சாட்சி

சிங்கப்பூரின் அடுக்குமாடி வட்டாரங்களில் காலையில் கேட்கும் புல்வெட்டிச் சத்தம் எல்லாருக்கும் பழக்கமானது. குத்தகை நிறுவனங்களின் ஊழியர்கள் தோளில் மாட்டிப் பயன்படுத்தும் அந்தக் கருவிகள் பலவற்றில் இருப்பது சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் பலரும் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

வேலைக்கு நடுவே எஞ்சின் நின்று, இழுகயிறும் அசையாமல் போனால் முதலில் எழும் கேள்வி, “ஆயில் கலக்க மறந்துவிட்டாயா?” என்பதுதான். பழி கருவியைப் பிடித்திருந்தவர் மேல் விழுகிறது. அது சில நேரம் சரி, பல நேரம் தவறு. உண்மைக் காரணத்தைப் பிஸ்டனில் உள்ள தடயங்கள் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் புதுப் பிஸ்டன் மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

கழற்றும் முன்பே பார்க்கலாம்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கையும் சைலன்சரையும் மட்டும் கழற்றினால் போதும். புகை வெளியேறும் துளை வழியே விளக்கடித்துப் பார்த்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாக ஆழமான கோடுகள் இருந்தால் சிலிண்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

டேங்கில் மிச்சமுள்ள பெட்ரோலைக் கொட்டிவிடக் கூடாது. அதில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு உலரவிட வேண்டும். ஆயில் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். கலக்காத பெட்ரோல் ஆவியாகி மறைந்துவிடும்.

கீறல் எந்தப் பக்கம்?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்குத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் உள்பாகங்களுக்கு வழவழப்பு. 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், 25:1 என்றால் 40 மில்லிலிட்டர். எந்த அளவு என்பதைக் கருவியின் கையேடு சொல்லும்.

பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் கீறி, எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்திருந்தால் ஆயில் இல்லாத பெட்ரோல் மீது சந்தேகப்படலாம்.

புகை போகும் பக்கத்தில் மட்டும் கீறல் இருந்தால் கதை வேறு. அதுதான் பிஸ்டனின் அதிகச் சூடான பக்கம். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினால் அது சிலிண்டர் சுவரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிரூட்டும் தகடுகளில் புல் அடைத்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணம், காற்று கூடிப் பெட்ரோல் குறைவது. டேங்கில் உள்ள ஃபில்டர் அடைப்பு, வெடித்த பெட்ரோல் குழாய், தளர்ந்த கார்புரேட்டர், தேய்ந்த கிராங்க் சீல் ஆகியவற்றால் இது நேரும். பெட்ரோல் குறையும்போது அதோடு வரும் ஆயிலும் குறைகிறது. ஆக, சரியாகக் கலந்திருந்தாலும் எஞ்சின் இறுகலாம்.

காற்று நுழையும் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில், மெல்லிய கோடுகளோடு தேய்ந்திருந்தால் தூசிதான் காரணம். காற்று ஃபில்டர் கிழிந்திருக்கும் அல்லது சரியாகப் பொருந்தாமல் இருக்கும். இந்த வகையில் எஞ்சின் திடீரென நிற்காது. நாளுக்கு நாள் இழுவை குறைந்து, ஸ்டார்ட் செய்வதும் கடினமாகும்.

பிஸ்டனின் தலையில் சிறு குழிகள் இருந்தால் உடைந்த ரிங் அல்லது பேரிங் துண்டு உள்ளே போயிருக்கலாம். அப்போது கிராங்க் பகுதியையும் திறந்து சுத்தம் செய்யாமல் விடக் கூடாது.

திரும்பப் பூட்டும்போது

சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத்தைக் கவனமாக நீக்கலாம். ஆனால் உள்பூச்சு உரிந்திருந்தால் சிலிண்டரையும் மாற்ற வேண்டும்.

பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது பொதுவாகப் புகைத்துளையைப் பார்த்திருக்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சிறு ஊசியின் இரு பக்கத்தில் அமர வேண்டும். பின்னைப் பிடிக்கும் கிளிப்புகள் புதிதாக இருக்க வேண்டும். பழைய கிளிப் கழன்றால் புது சிலிண்டரையே கீறிவிடும்.

ஃபீலர் கேஜ் போன்ற சிறு கருவிகள் லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசார் பக்கத்துக் கருவிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ரிங்கின் இடைவெளியை அதனால் அளந்து கையேட்டுடன் ஒப்பிடலாம்.

பழைய பிஸ்டனை உடனே வீசிவிடாமல், கீறல் தெரியும்படி படம் எடுத்து வைப்பது நல்லது. மேற்பார்வையாளர் கேட்கும்போது, தவறு கலவையிலா, கருவியிலா, பராமரிப்பிலா என்பதை அதை வைத்தே பேசலாம்.